உலகம்மாள் தைத்து முடிக்காத ஜாக்கெட்டுகள்

ஆலடிப்பேரியில் ஆவுடையம்மாள் கடையில் பூ வாங்கப் போகிறவள் முதலில் ஒரு திட்டை வாங்கிக்கொள்ள வேண்டும், அப்புறம்தான் பூ. வெறுங்கையை வீசிக்கொண்டு போய் நின்றால் "கூடை எங்க? தூக்கு எங்க? இல்ல, பல்லக்குல வச்சு உங்க வீட்டுக்கு அனுப்பணுமா?" என்பாள். கேரிபேக் என்ற சொல்லை அந்தக் கடைப்படியில் நின்று சொன்னவர்கள் மொத்தம் இரண்டே பேர். இரண்டு பேரும் அதற்கப்புறம் தென்காசிக்கு பஸ் ஏறித்தான் பூ வாங்கினார்கள். வாழைநாரைத் தண்ணீரில் ஊறப்போட்டுத்தான் தொடுப்பாள், நைலான் நூல் கிடையாது. தேக்கிலையில்தான் மடிப்பாள், தாள் கூடக் கிடையாது. ஃபிரிட்ஜ் கிடையாது, ஈரச்சாக்குதான். வெள்ளைச் செவ்வந்தியைச் சாயத்தில் முக்கி நீலமாக்குவது, ஜிகினா தூவுவது, இதெல்லாம் அவளிடம் நடக்காது. விற்காமல் வாடியது, கோயிலில் கழித்தது, கல்யாண மண்டபத்தில் ஆட்கள் மிதித்துவிட்டுப் போனது எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டு வந்து, நாரை உருவி, கடைக்குப் பின்னால் இருந்த குழியில் சாணத்தோடும் வேப்பம்புண்ணாக்கோடும் அடுக்கடுக்காகப் போட்டு மூடுவாள். மூன்று மாசம் கழித்து அந்த எரு மல்லிகை போடுகிற தங்கப்பழத்தின் தோட்டத்துக்குப் போகும், அங்கேயிருந்து மறுபடியும் மல்லிகையாகக் கடைக்கு வரும். இப்படியே இருபது வருஷம். "நான் புதுசா ஒண்ணும் விக்கல, ஒரே பூவைத்தான் திரும்பத் திரும்ப விக்கேன்" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

அப்படிப்பட்டவளும் இரண்டு பூவை மட்டும் தொடமாட்டாள். ஒன்று, சவ ஊர்வலத்தில் மாலையைப் பிய்த்துத் தெருவெல்லாம் உதிர்த்துக்கொண்டே போவார்களே, அந்தப் பூ. அதை மிதிக்கக் கூடாது, எடுக்கக் கூடாது, காற்றும் வெயிலும் பார்த்து எடுத்துக்கொள்ளட்டும் என்பது ஊரில் உள்ள வழக்கம். ஆவுடையும் அதைச் சுற்றிக்கொண்டுதான் தன் கடை வாசலைக் கூட்டுவாள். இன்னொன்று, தன் தலைக்கு வைக்கிற பூ. புருஷன் செந்தூர்பாண்டி மஞ்சள் காமாலையில் போய்ப் பதினோரு வருஷம் ஆயிற்று. விரல் முழுக்க மல்லிகை மணந்துகொண்டிருந்தாலும் தலையில் ஒரு மொட்டு கிடையாது.

செந்தூர்பாண்டி செத்த பதினாறாம் நாளைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. கூடத்தில் உட்காரவைத்து, தலை நிறையப் பூ வைத்து, அழுது முடித்து, அப்புறம் அந்தப் பூவை எடுக்க வேண்டும். எடுக்கிறதற்கென்று ஊரில் நாலு கிழவிகள் உண்டு, அவர்களும் கையைத் துடைத்துக்கொண்டு தயாராகத்தான் நின்றார்கள். அப்போது கூட்டத்துக்குள்ளிருந்து ஆவுடையின் கூடப்பிறந்த தங்கை உலகம்மாள் எழுந்து வந்தாள். "தள்ளுங்க எல்லாரும். நான் எடுக்கேன்" என்றாள். எடுத்தாள். யார் கை வேண்டுமானாலும் தன் தலைக்கு வந்திருக்கலாம், உலகுவின் கை எப்படி வந்தது என்று ஆவுடைக்கு வயிறு எரிந்தது. அன்றைக்குப் பேச்சை நிறுத்தியவள்தான். இரண்டு தெரு தள்ளி மேற்குத்தெருவில் உலகு வீடு, ஒரே ரேஷன் கடை, ஒரே கோயில் கொடை விழா. பதினோரு வருஷத்தில் ஒரு வார்த்தை கிடையாது.

உலகம்மாள் தையல்காரி. திருப்பூருக்கு வேலைக்குப் போன புருஷன் அங்கேயே இன்னொரு குடித்தனத்தைப் பார்த்துக்கொண்டான். அவள் ஒரு தையல் மிஷினையும் சுகன்யா என்ற ஒற்றை மகளையும் வைத்துக்கொண்டு ஊர்ப் பெண்கள் அத்தனை பேருக்கும் ஜாக்கெட் தைத்துக் காலத்தைத் தள்ளினாள். நூலைக் கத்தரியால் வெட்டமாட்டாள், இடது கடவாய்ப் பல்லால் கடித்துத்தான் துப்புவாள். "நாளைக்கு வா" என்ற சொல்லை அவளைப் போல இனிமையாகச் சொல்ல ஆளில்லை, எல்லாரும் நம்பித் திரும்பிப் போவார்கள். புரட்டாசி கடைசியில், தீபாவளித் துணி மலையாகக் குவிந்து கிடக்கிறபோது, மிஷின் மிதியில் கால் வைத்தபடியே தலையைச் சாய்த்தாள். சுகன்யா காபியோடு வந்து பார்த்தபோது ஊசி பாதித் தையலில் துணியைக் குத்திக்கொண்டு நின்றது.

ஆவுடை சாவுக்குப் போகவில்லை. ஊரே எதிர்பார்த்தது, போகவில்லை. பாடை கடைத்தெருவைத் தாண்டுகிற நேரத்துக்குக் கதவைப் பாதி சாத்திவிட்டு உள்ளே நின்றாள். சங்கும் சேகண்டியும் தாண்டிப் போய், கடைசி ஆள் வரைக்கும் தாண்டிப் போய், தெருவில் பூ மட்டும் கிடந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்கு என்ன ஆயிற்றோ, விளக்குமாற்றையும் சாக்கையும் எடுத்துக்கொண்டு இறங்கினாள். கடை வாசலில் ஆரம்பித்து, செவ்வந்தி, ரோஜா, சம்பங்கி, அரளி என்று ஒரு இதழ் விடாமல் கூட்டி, சுடுகாட்டுக்குத் திரும்புகிற முக்கு வரைக்கும் கூட்டினாள். பார்த்தவர்கள் "இந்தப் பொம்பளை குப்பைன்னா விடாதே, கூடப்பிறந்தவ சாவுன்னாலும் விடாதே" என்று தலையில் அடித்துக்கொண்டார்கள். அவள் அழுதுகொண்டே கூட்டினாள் என்பதை ஒருத்தரும் கவனிக்கவில்லை. சாக்கைக் கொண்டு வந்தவள் அதைக் குழியில் கொட்டினாள். தொடக்கூடாத பூ என்று அவளுக்குத் தெரியாதா என்ன, தெரிந்துதான் கொட்டினாள். வேறு எங்கே கொட்ட?

அந்த எரு மார்கழியில் தங்கப்பழத்தின் கிழக்குப் பாத்திக்குப் போயிற்று. கவாத்து வெட்டி மொட்டையாக நின்ற செடிகள் தளிர்த்து, மாசி கடைசியில் அரும்பெடுத்தன. மற்றப் பாத்திகளை விடக் கொஞ்சம் பெரிய அரும்பு, காம்பு கொஞ்சம் நீளம், வேறு விசேஷம் ஒன்றுமில்லை.

முதலில் அந்தப் பூவை வைத்தவள் பால் சொசைட்டி மாரிச்செல்வி. காலையில் ஒரு முழம் வாங்கிக் கடை வாசலிலேயே தலையில் வைத்தாள், சொசைட்டிக்கு இடது பக்கம் திரும்ப வேண்டியவள் வலது பக்கம் திரும்பினாள். நேரே உலகம்மாள் வீட்டுக்குப் போய், சாத்தியிருந்த கதவைத் தள்ளி, மிஷின் மேல் மூடியிருந்த சேலையை எடுத்து மடித்து வைத்துவிட்டு உட்கார்ந்தாள். ஊசியில் நூல் கோக்கத் தெரியாத மாரிச்செல்வி, ஐந்து மாசமாகப் பாதித் தையலில் நின்ற துணியை அந்த இடத்திலிருந்தே பிடித்து, சாயங்காலம் பூ வாடுகிற வரைக்கும் தைத்து முடித்து, கை பட்டியை மடித்து, ஹூக் வைத்து, நூலை இடது கடவாய்ப் பல்லால் கடித்துத் துப்பினாள். சுகன்யா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு பார்த்தபடியே நின்றாள். பூ வாடியதும் மாரிச்செல்வி நிமிர்ந்து, "எம்மா, பால் அளக்கணுமே!" என்று ஓடினாள்.

ஊருக்குச் செய்தி போனபோது ஒருத்தராவது ஆச்சரியப்பட்டார்களா என்றால் இல்லை. ஊர் கேட்ட முதல் கேள்வி, "தைச்சது யாரு ஜாக்கெட்டு?" என்பதுதான். தபால்காரர் சம்சாரத்துடையது. போட்டுப் பார்த்தாள், அச்சாகப் பொருந்தியது, உலகம்மாள் தைத்தால் எப்படி இருக்குமோ அப்படி. அடுத்த நாள் ஆவுடை கடையில் கூட்டம்.

பாவம், அவர்களும் என்ன செய்வார்கள்? இழவு வீட்டில் போய்த் துணியைத் திருப்பிக் கேட்க வாய் வராமல் ஐந்து மாசமாக மனசுக்குள்ளேயே புழுங்கிக்கொண்டிருந்தவர்கள். ஐம்பத்துமூன்று ஜாக்கெட் பாக்கி. நாளுக்கு ஒரு பெண் கிழக்குப் பாத்திப் பூவை வைத்துக்கொண்டு போய் உட்கார வேண்டும் என்று குழாயடியில் முறை போட்டுக்கொண்டார்கள். தண்ணீருக்கு முறை போடுகிற அதே நோட்டின் பின்பக்கத்தில்தான் எழுதினார்கள். முறைக்காரி வீட்டில் அன்றைக்குப் புருஷன் சோறு வடிக்க வேண்டும் என்று பேச்சு. சாயங்காலம் எழுந்து வருகிறவள் தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டே, "பூ வாடுனப்புறமும் கை கொஞ்ச நேரம் லேசா இருக்குடி, எல்லாம் தெரிஞ்ச மாதிரி இருக்கு" என்பாள். மேற்குத்தெருவில் மிஷின் ஓடுகிற சத்தம் காலையில் ஆரம்பித்தால் அது மாவு மில் சத்தத்தைப் போல ஊர்ச் சத்தமாகிவிட்டது. அது நின்றால்தான் ஆட்கள் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள்.

ஆவுடைக்கு இது ஏன், எங்கிருந்து என்று மற்றவர்களுக்கு முன்னால் புரிந்துவிட்டது. ஒன்றும் சொல்லவில்லை. கிழக்குப் பாத்திப் பூவைத் தனியாக வாங்கி, தனி ஈரச்சாக்கில் வைத்து, தனியாகத் தொடுத்துக் கொடுத்தாள். தொடுக்கும்போது விரல் சும்மா இருக்கும். உலகு தொடுக்கிறவள் கைக்கு வரமாட்டாள், வைக்கிறவள் கைக்குத்தான் வருவாள். ஊர்ப் பெண்கள் அத்தனை பேருக்கும் வந்தாள், மாரிச்செல்விக்கு வந்தாள், தபால்காரர் சம்சாரத்துக்கு வந்தாள், ஆள் முகம் பார்த்துப் பேசாத கணக்குப்பிள்ளை மருமகளுக்கும் வந்தாள். தலைக்குப் பூ வைக்காத ஒருத்தியிடம் எப்படி வருவாள்? ஆவுடை ஒவ்வொரு முழமாக அளந்து கொடுத்துவிட்டு, ஒவ்வொரு சாயங்காலமும் திரும்பி வருகிறவளிடம் பேச்சோடு பேச்சாகக் கேட்பாள், "இன்னைக்கு யாரோடது தைச்ச? குவியலுக்கு அடியில ஏதாவது கெடக்கா?" தங்கை செத்தும் தனக்கென்று ஏதாவது பாக்கி வைத்திருக்கிறாளா, இல்லை அடியோடு வெறுத்துத்தான் போனாளா என்பது ஒன்றுதான் அவளுக்குத் தெரிய வேண்டும். குவியல் தீர்ந்தால் தெரிந்துவிடும் என்று நாளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

குவியல் தீரவில்லை. சித்திரை பிறந்து, வைகாசி பிறந்து, ஐம்பத்துமூன்று ஜாக்கெட்டும் வீடு போய்ச் சேர்ந்து, அதன் பிறகும் மிஷின் ஓடியது. காரணம் கஸ்தூரி டீச்சர். மகளுக்கு ஆனியில் கல்யாணம். தென்காசியில் கொடுத்தால் கெடுத்துவிடுவார்கள் என்று நினைத்தாளோ என்னவோ, நாலு பட்டு ஜாக்கெட் துணியை எடுத்து, துண்டுச்சீட்டில் பேர் எழுதி, போன புரட்டாசித் தேதியைப் போட்டு, ஊசியால் குத்தி, சுகன்யா கடைக்குப் போன நேரம் பார்த்துக் குவியலில் சொருகிவிட்டாள். உலகம்மாள் கை சீட்டைப் பார்த்தது, எடுத்துத் தைத்தது. செத்தவளுக்குத் தேதி ஏது? அதற்கப்புறம் ஊர் முழுக்கப் புரட்டாசிச் சீட்டுதான். பாவாடை வந்தது, பள்ளிக்கூட யூனிஃபார்ம் வந்தது, யாரோ ஒரு புண்ணியவதி தலையணை உறை கூடக் கொண்டு வந்து வைத்தாள்.

வைகாசி கடைசியில் ஒரு மத்தியானம் சுகன்யா பூக்கடைப் படி ஏறினாள். பிறந்ததிலிருந்து இருபத்திரண்டு வயசுக்குள் பெரியம்மா கடையில் அவள் கால் வைத்தது நாலைந்து தடவை இருந்தால் அதிகம். உலகுவின் அதே நெற்றி. ஆவுடை நாரைக் கீழே போட்டாள்.

"பெரியம்மா, இந்தப் பூவை நிறுத்துங்க."

"உக்காரு பிள்ளே. தண்ணி குடிக்கியா?"

"தண்ணியெல்லாம் வேண்டாம். எங்க அம்மா செத்து எட்டு மாசம் ஆச்சு. எனக்கு அழக்கூட வீட்ல இடம் இல்ல. தெனம் ஒருத்தி வந்து எங்க அம்மா மாதிரியே உக்காந்து எங்க அம்மா மாதிரியே பல்லால நூல கடிக்கா, நான் காபியைப் போட்டுக் கொண்டு வச்சா ஊரான் வாய் அதைக் குடிக்கு. உயிரோட இருக்கையில ஒரு நாள் லீவு போட்டாளா? செத்தும் தைக்கணுமா அவ?"

ஆவுடை நாரை எடுத்துப் பல்லில் வைத்துக் கிழித்தாள். கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டாள். "அடியில என்னட்டி கெடக்கு?"

சுகன்யா படியில் உட்கார்ந்தாள். "ஒரு துணி கெடக்கு. மாம்பழக் கலரு. வெட்டி வச்சிருக்கு, தைக்கல. சீட்டுல உங்க பேருதான். பெரியப்பா இருக்கும்போது வெட்டுனதாம், அந்தத் தீபாவளிக்கு. அம்மா தூரப் போடவும் இல்ல, தைக்கவும் இல்ல."

"இவளுவ அதைத் தைக்கலையா?"

"எல்லாரு கையும் அதை எடுக்கு பெரியம்மா. எடுத்து, விரிச்சுப் பாத்து, டேப்பைக் கையில எடுத்து, கொஞ்ச நேரம் அப்படியே இருந்துட்டு, மறுபடி மடிச்சு அடியிலயே வச்சிருது. ஒருத்தி ரெண்டு பேரு இல்ல, வந்தவ அத்தனை பேரும்."

அப்படியானால் கோபம் போகவில்லை. ஊரான் வீட்டுத் தலையணை உறைக்கு மனசு வருகிறது, அக்காள் ஜாக்கெட்டுக்கு வரவில்லை. ஆவுடைக்கு எரிச்சல் வந்தது. "பூவை நிறுத்த முடியாது" என்றாள். "நான் கடை வச்சிருக்கேன். கேக்குறவளுக்குக் கொடுப்பேன்." சுகன்யா எழுந்து இறங்கிப் போனாள்.

சொல்லிவிட்டாளே ஒழிய அன்றைக்கு ஆவுடைக்குச் சோறு இறங்கவில்லை. என்றாலும் மறுநாளும் தொடுத்தாள், அதற்கு மறுநாளும் தொடுத்தாள். என்றைக்காவது ஒருத்தி கை அந்த மாம்பழக் கலரை எடுத்துத் தைத்துவிடாதா என்ற ஆசைதான், வேறென்ன. தங்கையை ஊர் வேலை வாங்குகிறது என்று ஊரைத் திட்டினாள், அதிகமாக வாங்கியது தான்தான் என்பதைத் தொடுக்கிற நேரமெல்லாம் நினைத்துக்கொண்டும் இருந்தாள்.

ஆனி பிறந்து நாலாம் நாள், கஸ்தூரி டீச்சர் ஒரு பட்டு ஜாக்கெட்டைத் தூக்கிக்கொண்டு கடைக்கே வந்துவிட்டாள்.

"ஆவுடை, இது என்ன தையலு? இங்க பாரு, கோணிக் கோணிப் போகுது. தோள்ல பிசிறு. நீ இப்ப பூவுல ஏதாவது கலக்குதியா, இல்ல எருவைக் குறைச்சுட்டியா? இன்னும் பத்து நாள்ல கல்யாணம். ஒழுங்கா தைக்கச் சொல்லு."

ஆவுடை ஜாக்கெட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். உலகுவின் தையல் அவளுக்குத் தெரியும். சின்ன வயசில் இரண்டு பேரும் ஒரே சட்டைக்கு ஒருத்தி கை, ஒருத்தி கழுத்து என்று தைத்து விளையாடியவர்கள். அந்தத் தையல் நேராகப் போய்க்கொண்டே வந்து, நடுவில் நின்று, நடுங்கி, மறுபடி பிடித்து, மறுபடி நடுங்கியிருந்தது. ஓய்ந்து போனவள் கை. கண்ணைக் கட்டிக்கொண்டு வருகிறபோதும் கொடுத்த சொல்லுக்காகத் தைக்கிறவள் கை.

"செத்தவகிட்டப் போயி ஒழுங்கா தைக்கச் சொல்லணுமா டீச்சர்?" என்றாள் ஆவுடை.

"நீதான விக்கெ?" என்றாள் டீச்சர்.

ஆவுடை எழுந்தாள். ஈரச்சாக்கில் அன்றைக்கு மிச்சம் இருந்த கிழக்குப் பாத்திப் பூவைத் தேக்கிலையோடு மடித்து உள்ளே வைத்தாள், "இனிமே இந்தப் பூ கிடையாது, யாருக்கும் கிடையாது, போய்ச் சொல்லுங்க" என்றாள். டீச்சர் போய்ச் சொன்னாள். பத்து நிமிஷத்தில் ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் கடை வாசலில். பாதித் தையலில் நிற்கிற பட்டுக்கு யார் பதில் சொல்வது, ஆசை காட்டி மோசம் பண்ணலாமா, உன் தங்கச்சின்னா எங்களுக்கு அவ தங்கச்சி இல்லையா, ஊர்ச்சொத்தை நீ எப்படி நிறுத்தலாம் என்று ஆளாளுக்கு ஒரு பேச்சு. மாரிச்செல்வி மட்டும் பின்னால் நின்றுகொண்டு தன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நேத்து என் முறை. அவளுக்கு முடியலக்கா, நிசமாவே முடியல" என்று மெல்லச் சொன்னாள். யார் காதிலும் அது விழவில்லை.

ஆவுடை கதவைப் பூட்டிவிட்டுத் தோட்டத்துக்கு நடந்தாள். தங்கப்பழம் வரப்பில் உட்கார்ந்து பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தவன் அணைத்துவிட்டு எழுந்தான்.

"தம்பி, கிழக்குப் பாத்தி மண்ணை ஒரு முழம் ஆழத்துக்கு எடுக்கணும்."

"செடியைப் பிடுங்கச் சொல்லாதீங்க அக்கா. எட்டு வருசத்துச் செடி."

"செடி இருக்கட்டும். வேரைச் சுத்தி மண்ணை மட்டும் எடு. வேற எரு நான் கொடுக்கேன்."

தங்கப்பழத்துக்குக் காரணம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவனும் அந்த ஊர்க்காரன்தானே. "கடைசியா ஒரு பறிப்பு இருக்கு. இன்னைக்கு விட்டா அவ்வளவுதான்" என்று ஒரு கையளவு அரும்பைப் பறித்து அவள் முந்தியில் போட்டான். ஒரு முழத்துக்கு வரும், கூட வராது.

ஆவுடை அதை வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. நேரே மேற்குத்தெருவுக்குப் போனாள். பதினோரு வருஷத்துக்கு அப்புறம் அந்த வாசல். சுகன்யா கதவைத் திறந்து வழிவிட்டாள். ஆவுடை தரையில் உட்கார்ந்து, இடுப்பில் செருகியிருந்த நாரை எடுத்து, அங்கேயே தொடுத்தாள். இரண்டு மொட்டு உதிர்ந்தது, அதையும் பொறுக்கிச் சேர்த்துத் தொடுத்தாள். தொடுத்து முடித்துக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள். வைக்கத் தெரியாமல் இல்லை. பதினோரு வருஷமாக வைக்காத தலை, கை மேலே போக மாட்டேன் என்றது.

"அவ என்னை அறையணும்னு வச்சிருந்தாலும் சரி, பாத்துக்கிடுதேன். இன்னொருத்தி கையில வேண்டாம், என் கையிலயே வரட்டும். அதோட நிறுத்திக்கிடுவோம்" என்றாள்.

"திரும்புங்க பெரியம்மா" என்றாள் சுகன்யா. வாங்கி, கொண்டையைச் சுற்றி வைத்து, தன் தலையிலிருந்து ஒரு ஹேர்பின்னை உருவிக் குத்திவிட்டாள்.

முதலில் ஒன்றுமில்லை. பிறகு ஆவுடையின் இரண்டு கையும் எழுந்து மேலே போயின. தலைக்குத்தான் போயின. அவளுக்குத் தெரிந்துவிட்டது, பறிக்கப் போகிறது, அன்றைக்குப் போலவே பறிக்கப் போகிறது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். விரல் பூவைத் தொட்டது. தலைமுடி ஒன்று கூட இழுபடாமல், பின்னைச் சுற்றி, நாரைச் சுற்றி, அவ்வளவு மெதுவாகத் தடவியது. அப்போதுதான் ஆவுடைக்கு நினைவு வந்தது. பதினாறாம் நாளில் அவளுக்கு வலிக்கவே இல்லை. ஊரில் மற்றவளுக்கெல்லாம் அந்தக் கிழவிகள் எடுத்தபோது முடியும் பூவுமாகப் பிய்ந்து வந்ததை அவளே பார்த்திருக்கிறாள். தனக்கு வலிக்கவில்லை. பதினோரு வருஷமாக அதை நினைக்கவில்லை, கை யாருடையது என்பதை மட்டுமே நினைத்தாள்.

கை கீழே இறங்கியது. குவியலை ஒதுக்கியது, பட்டுத் துணியையும் யூனிஃபார்மையும் தலையணை உறையையும் தள்ளிவிட்டு, அடியிலிருந்து மாம்பழக் கலரை எடுத்தது. விரித்தது. டேப்பை எடுத்தது. எல்லார் கையும் நின்றது இந்த இடத்தில்தான் என்று சுகன்யாவுக்குத் தெரியும்.

நிற்கவில்லை. டேப்போடு அந்தக் கை ஆவுடையின் மார்பைச் சுற்றி வந்தது. முதுகுப் பக்கம் போய், மறு கை வாங்கி, முன்னால் கொண்டு வந்து சேர்த்தது. தோளை அளந்தது. கையைத் தூக்கி, மேல்கையைச் சுற்றி அளந்தது. இடுப்பைச் சுற்றி அளந்தது. பதினோரு வருஷத்துக்கு முந்தைய அளவு இப்போது யாருக்கு ஆகும்? புருஷன் போனபிறகு பாதியாய் இளைத்துப் போன உடம்பு. புது அளவு எடுக்காமல் எப்படித் தைப்பாள், எந்தத் தையல்காரி தைப்பாள்? அளவு கொடுக்க வேண்டியவள் இரண்டு தெரு தள்ளி வீம்பாக உட்கார்ந்திருந்தாள். உலகு காத்திருந்தாள், உயிரோடு பதினோரு வருஷம், செத்து இத்தனை மாசம். கோபம் ஒன்றும் இல்லை. அளவுதான் பாக்கி.

டேப்பைப் பிடித்திருந்த கை ஒரு தடவை அளந்ததையே இன்னொரு தடவை அளந்தது. முதுகைச் சுற்றிப் போன கை முதுகிலேயே கொஞ்ச நேரம் இருந்தது. "ஏட்டி உலகு" என்று ஆவுடை வாய் விட்டு அழுதாள். "உலகு, உலகு, என்னைப் பெத்தவளே." சுகன்யாவும் அன்றைக்குத்தான் தன் வீட்டில் சத்தம் போட்டு அழுதாள்.

பிறகு மிஷின் ஓடியது. நடுக்கம் எல்லாம் எங்கே போயிற்றோ, நேர்க்கோடாகத் தையல் விழுந்தது. தோள் சேர்ந்தது, கழுத்துப் பட்டி ஏறியது, கை ஏறியது. வெளியே தெருவில் ஊர்ப் பெண்கள் சத்தம் கேட்டு வந்து நின்றவர்கள், விதவை தலையில் பூவைப் பார்த்துவிட்டு ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். வெயில் சாய்ந்தது. ஹூக் டப்பாவை எடுக்கக் கை நீண்டபோது பூ வாடிவிட்டது. கை அந்தரத்தில் நின்று, அப்புறம் ஆவுடையின் கையாகிக் கீழே விழுந்தது.

"ஹூக் மட்டும் பாக்கி பெரியம்மா. தோட்டத்துல இன்னும் ரெண்டு மொட்டாவது இருக்குமா?"

"வேண்டாம்ட்டி. போதும் அவளுக்கு" என்றாள் ஆவுடை.

மறுநாள் காலையில் தங்கப்பழம் வண்டியில் மண்ணை ஏற்றிக்கொண்டு வர, ஆவுடை அந்த வாடிய சரத்தைத் தேக்கிலையில் மடித்து எடுத்துக்கொண்டு குளத்தங்கரைக்குப் போனாள். ஒரு இதழையும் வீணாக்காமல் குழிக்குக் கொடுத்து மறுபடி பூவாக வாங்கிப் பழகியவள், அந்த ஒரு சரத்தைக் குழிக்குக் கொடுக்கவில்லை. குழியின் அடியில் மிச்சம் இருந்ததையும் வழித்து, கடையில் மடித்து வைத்திருந்த பூவோடு வண்டியில் போட்டாள். எல்லாவற்றையும் கரையில் நின்ற பழைய கருவேலமரத்தின் அடியில் கொட்டினார்கள். அது முள்மரம், அதன் பூவை யாரும் தலையில் வைக்கமாட்டார்கள்.

ஊர் மன்னிக்கவில்லை. பாதித் துணியை அவரவர் வந்து உருவிக்கொண்டு போனார்கள், கஸ்தூரி டீச்சர் மகள் தென்காசியில் தைத்த ஜாக்கெட்டோடுதான் மணவறையில் உட்கார்ந்தாள், ஒரு மாசம் கடையில் ஆவுடை கட்டிய பூ பாதிக்கு மேல் அப்படியே குழிக்குப் போனது. குழாயடி நோட்டின் பின்பக்கத்தை யாரோ கிழித்துவிட்டார்கள். மேற்குத்தெரு சத்தமில்லாமல் கிடந்தது, சுகன்யா பகலில் கூடக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கினாள், எட்டு மாசத் தூக்கம்.

ஆடி முதல் வெள்ளிக்கிழமை அவள் எழுந்து பெரியம்மா கடைக்கு வந்தபோது, ஆவுடை மடியில் மாம்பழக் கலர் ஜாக்கெட்டை விரித்து வைத்துக்கொண்டு ஊசியோடு மல்லாடிக்கொண்டிருந்தாள். மொத்தம் ஆறு ஹூக். விரலில் இரண்டு இடத்தில் குத்தி ரத்தம் வந்திருந்தது. கடைசி ஹூக்கைக் குத்தி, முடிச்சுப் போட்டு, நூலைப் பல்லால் கடிக்கப் போனவள் நிறுத்தி, நார் வெட்டுகிற கத்தரியை எடுத்து வெட்டினாள்.

சுகன்யா வாங்கிப் பார்த்தாள். "எல்லாம் கோணலா இருக்கே பெரியம்மா. நான் பிரிச்சுத் தைக்கட்டா?"

"பிரிக்காத" என்றாள் ஆவுடை. "அதுவரைக்கும் அவ தைச்சா. இது என் கை."